தையல் குழி ஏன் நிரம்பியது?

மருதங்குளத்துக் கரையில் பெரிய மருத மரம் ஒன்று விழுந்து கிடந்தது. வெயில் ஏறியதும் காட்டுப் பறவைகள் அதன்மேல் வரிசையாக வந்து உட்காரும். கூடு கட்டுவதைப் பற்றிப் பேசும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பேச விரும்பும் பறவை குளத்தோரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்துவர வேண்டும். எந்த முறையைப் பற்றிப் பேசப் போகிறதோ, அந்த முறைக்கான குழியில் கல்லைப் போட வேண்டும். அதன் பிறகுதான் வாய் திறக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தாமல் இருக்க எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு.

மரத்தின் பக்கத்தில் மொத்தம் மூன்று குழிகள். சுள்ளிகளை அடுக்கிக் கட்டுவது பற்றிப் பேச ஒரு குழி. சேறு குழைத்துக் கட்டுவது பற்றிப் பேச ஒரு குழி. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டுவது பற்றிப் பேச ஒரு குழி.

சுள்ளிக் குழியில் ஏழு கற்கள் கிடந்தன. சேற்றுக் குழியில் பன்னிரண்டு. தையல் குழியோ நிரம்பி வழிந்து, கற்கள் குளத்துத் தண்ணீர் வரை உருண்டு கிடந்தன.

ஒரு நாள் பவளி என்ற புள்ளிப்புறா தன் கணவன் தவிடனோடு அங்கே வந்தாள். அவளுக்கு இது முதல் ஈடு. இன்னும் ஆறு நாளில் முட்டையிட வேண்டும். இருபது நாளில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் ஒரு நல்ல கூடு வேண்டும்.

பவளி ஒரு கல்லை எடுத்துச் சுள்ளிக் குழியில் போட்டாள்.

"சுள்ளியில எப்படிக் கட்டுறது? யாராவது சொல்லுங்களேன்!" என்று கேட்டாள்.

ஒருவரும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு காக்கை மீன் முள்ளோடு அந்த வழியாகப் பறந்தது. பவளி அதனிடமும் கேட்டாள். காக்கை முள்ளைக் காலுக்கு மாற்றிக்கொண்டது.

"ஒரு சுள்ளியை வை. மேல இன்னொன்னு வை. விழுந்தா திரும்ப வை!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எம் பிள்ளைங்க கத்துது, நான் வரேன்!"

காக்கை போய்விட்டது. நின்று ஒரு கல்லைப் போடக்கூட அதற்கு நேரமில்லை.

"பார்த்தீங்களா? மதிச்சுப் பதில் சொல்லக்கூட ஆளில்லை," என்று பவளி கணவனிடம் முணுமுணுத்தாள்.

பிறகு அவள் இன்னொரு கல்லை எடுத்துத் தையல் குழியில் போட்டாள்.

"தைக்கிறது எப்படிங்க?"

அடேயப்பா! மரமே ஆடியது. கொத்திய கல்லோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைகள் பாய்ந்து வந்தன.

முதலில் வந்தவன் மஞ்சமூக்கன் என்ற மைனா. அந்த மரத்தில் அவனைவிட அதிகம் பேசியவர் யாருமில்லை.

"வாம்மா, வா! சரியான இடத்துக்கு வந்திருக்க. சுள்ளியெல்லாம் ஒரு முறையா? எங்க பார்த்தாலும் ஓட்டை! தையல்ல ஓட்டைக்கே இடமில்லை!"

"காத்துக்கு ஆடும், ஆனா கழலாது!" என்றாள் கொண்டைச்சி என்ற கொண்டைக்குருவி.

"எறும்பு ஏறாது!" என்றது ஒரு தவிட்டுக்குருவி.

"பாம்பு கண்ணுக்கே படாது!" என்றது ஒரு கரிச்சான்.

பொழுது சாய்வதற்குள் பவளிக்கு நாற்பத்தொரு பதில்கள் கிடைத்தன. அவளுக்குத் தலை சுற்றியது. மனம் குளிர்ந்தது. இத்தனை பேர் தன்மேல் அக்கறை காட்டி அவள் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் தவிடன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நாம புறா, பவளி. இந்தக் காட்டுல புறா, காக்கை, கொக்கு எல்லாம் சுள்ளியிலதானே குடியிருக்கு? நாலு மரம் தள்ளிப் போய்ப் பாரேன்."

"குழியைப் பார்த்தீங்கல்ல? சுள்ளிக்கு ஏழு கல்லு! நான் போட்டதோட எட்டு. யாருமே பேசாத முறையை யாரு நம்புவா? அது செத்துப்போன முறைங்க!"

தவிடன் அவள் பின்னால் பறந்தான்.

மறுநாள் காலை இருவரும் ஒரு தேக்குக் கிளையில் வேலையைத் தொடங்கினார்கள். இரண்டு அகலமான இலைகளை அருகருகே இழுத்து, ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையும் இலவம் பஞ்சையும் திரித்து உள்ளே கோக்க வேண்டும். புறாவின் அலகு தானியம் பொறுக்கப் பிறந்தது. துளை போடப் பிறந்ததல்ல. நான்காவது துளையிலேயே பவளியின் அலகு நுனியில் ரத்தம் கசிந்தது. ஐந்தாவது துளையில் இலை கிழிந்தது.

அவள் மருத மரத்துக்கு ஓடினாள்.

"இலை கிழியுதே!"

"இலை முத்தல். கொழுந்து எடு!" என்றான் மஞ்சமூக்கன்.

"கொழுந்து எடுத்தா கனம் தாங்காது. முத்தலே சரி, நூல்தான் தப்பு!" என்றாள் கொண்டைச்சி.

"நூல் சரி, அவ இடப்பக்கம் இருந்து தைக்கிறா!"

"யாரு சொன்னா இடப்பக்கம் தப்புன்னு?"

பிறகு முடிச்சை உள்பக்கம் போடுவதா வெளிப்பக்கம் போடுவதா என்ற பேச்சு எழுந்தது. அது மூன்று நாள் நடந்தது. இரண்டு கரிச்சான்கள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு இறகு பறந்தது. அதற்கு நடுவில் நாரை ஒன்று நொண்டிக்கொண்டே வந்து, "கால்ல முள்ளு ஏறிடுச்சு, யாராவது எடுத்து விடுங்கப்பா!" என்று கெஞ்சியது.

"நீ சுள்ளிக் கூட்டுலதானே இருக்க? தைச்ச கூட்டுல முள்ளே கிடையாது!" என்றான் மஞ்சமூக்கன். எல்லாரும் தலையாட்டினார்கள். அதைச் சொல்வதற்கும் ஒரு கல் விழுந்தது. நாரையின் முள்ளை யாரும் எடுக்கவில்லை.

பவளிக்கு அந்த மரம் பிடித்துப்போயிற்று. காலையில் தைப்பாள். நண்பகலில் போய்க் கேட்பாள். நான்காம் நாள் ஒரு புதுப் பறவை வந்து சந்தேகம் கேட்டபோது, பவளியே ஒரு கல்லைப் போட்டுப் பதில் சொன்னாள். அவளுடைய கூடு அப்போது பாதிதான் முடிந்திருந்தது.

"நல்லாச் சொன்னே!" என்றாள் கொண்டைச்சி. அன்று முழுவதும் பவளிக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஐந்தாம் நாள் பஞ்சு தேடிப் போனபோது, ஒரு பூவரசஞ்செடியில் தையல்சிட்டு ஒன்றைக் கண்டாள். வாய் நிறையப் பஞ்சு. ஊசி போன்ற அலகு இலைக்குள் போவதும் வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தைத்துக்கொண்டே இருக்கும் பறவை அது. பவளிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. தையலைப் பற்றி அவ்வளவு பேசும் அந்த மரத்தில் அவள் ஒரு தையல்சிட்டைக்கூடப் பார்த்ததில்லை!

"நீங்க ஏங்க மருத மரத்துக்கு வர்றதே இல்லை?"

தையல்சிட்டு பஞ்சைக் கீழே வைத்தது.

"அங்க வந்து?"

"பேசலாமே!"

"என்னத்தைப் பேச?" என்ற தையல்சிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தது. "நீயுமா தைக்கிற? சரி, இந்த இலைமேல வந்து உட்காரு."

பவளி உட்கார்ந்தாள். இலைக் காம்பு வளைந்து, கிளையே தலைகுனிந்தது. அவள் சட்டென்று சிறகடித்து எழும்பினாள்.

"பார்த்தியா? என்னை மாதிரிப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாத்தான் ஒரு நீ. எனக்கு இது போதும். உனக்குப் போதாது. கோவிச்சுக்காத தாயி, போய்ச் சுள்ளி பொறுக்கு. மழைக்கு இன்னும் நாள் இருக்கு."

பவளிக்கு முகம் வாடிவிட்டது. நேரே மருத மரத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

மஞ்சமூக்கன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பழைய ஆளுங்க அப்படித்தாம்மா! புதுசா வர்றவங்களைச் சேர்க்க மாட்டாங்க. உண்மையைச் சொல்லட்டுமா? தையல்சிட்டுக்குத் தையலோட அருமையே புரியலை!"

எல்லாரும் சிரித்தார்கள். பவளியும் சிரித்தாள். ஐந்து கற்கள் விழுந்தன.

ஆறாம் நாள் கூடு முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பவளி அதில் இரண்டு முட்டைகள் இட்டாள். வழவழவென்று, வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டைகள். அன்று மருத மரத்தில் அவளுடைய கூட்டைப் பற்றித்தான் பேச்சு. "ஒரு புறாவே தைச்சிருக்கு! இனிமே யாரு என்ன சொல்ல முடியும்?" என்று மஞ்சமூக்கன் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான்.

பகலில் தவிடன் அடைகாப்பான். இரவில் பவளி. அதனால் நண்பகலில் அவள் மருத மரத்துக்குப் போவது நிற்கவில்லை.

ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் காலையிலேயே மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மழை இந்த முறை முந்திக்கொண்டது.

"இன்னைக்குப் போகாதே பவளி. ரெண்டு தையல் விட்டிருக்கு. நான் அசைஞ்சாலே இலை இழுக்குது. நீ வெளியில இருந்து பிடிச்சுத் தைச்சாத்தான் ஆகும்," என்றான் தவிடன்.

"இதோ வந்துடறேன். ஒரு குருவி நேத்து கேட்டுது, மழைக்குத் தையலை எப்படி இறுக்கணும்னு. என்னையத்தான் கேட்டுது. ஒரே ஒரு பதில் சொல்லிட்டு வந்துடறேன்!"

அவள் போனாள். கல்லைப் போட்டாள். பதில் சொன்னாள். அதை மறுத்து ஒரு கரிச்சான் பேசியது. அவள் அதற்கும் ஒரு கல் போட்டாள். கரிச்சான் விடவில்லை. அவளும் விடவில்லை. முதல் தூறல் முதுகில் பட்டபோது, "இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு!" என்றாள். இடி இடித்த பிறகுதான் அவளுக்குக் கூடு நினைவுக்கு வந்தது.

மழையைக் கிழித்துக்கொண்டு பறந்தாள். தேக்கு மரத்தை நெருங்கும்போதே தவிடனின் குரல் கேட்டது. அவன் அவளை எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானோ தெரியாது. குரல் கம்மியிருந்தது.

கிழிந்த இலையின் ஒரு பாதியைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். மற்றப் பாதி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

முட்டைகள் இரண்டும் கீழே வேர்மேல் உடைந்து கிடந்தன. மழை அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தது.

நான்கு மரம் தள்ளி, காக்கையின் சுள்ளிக் கூடு பேயாட்டம் ஆடியது. மூன்று சுள்ளிகள் உருவிக்கொண்டு விழுந்தன. காக்கை இறங்கியது, ஒன்றை எடுத்து வந்து செருகியது, மீண்டும் இறங்கியது. அதன் சிறகுக்கு அடியில் குஞ்சுகள் கத்தின.

மழை விட்டதும் பவளி மஞ்சமூக்கனைத் தேடிப் போனாள். அவன் கண்களைக் கொத்திவிட வேண்டும் என்றுதான் போனாள். அவன் குடியிருந்த மரத்துக்கு அவள் அதுவரை போனதில்லை. யாருமே போனதில்லை.

அங்கே மஞ்சமூக்கன் உட்கார்ந்திருந்த கிளையில் காய்ந்து சருகான இலை ஒன்று தொங்கியது. ஓரம் முழுவதும் துளைகள். இற்றுப்போன நூல். அதன் அடியில், தரையில், நீல நிற முட்டை ஓட்டுத் துண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்தன.

பவளி கொத்தவில்லை.

"உனக்கு எப்போ?" என்று கேட்டாள்.

"போன ஐப்பசி. மூணு," என்றான் மஞ்சமூக்கன். மரத்தில் பேசும் குரல் இல்லை அது.

"கொண்டைச்சிக்கு?"

"ரெண்டு வருஷமா."

"அங்க பேசுற யாருக்காவது ஒரு குஞ்சு இருக்கா?"

"குஞ்சு இருந்தா மத்தியானம் வந்து உட்கார நேரம் ஏது?"

"அப்புறம் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்னே? பாவி, ஏன் சொன்னே?"

மஞ்சமூக்கன் அந்தச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தையல் தப்புன்னு சொல்லிட்டா, அந்த மூணையும் நானே கொன்னதா ஆயிடும்ல? இன்னும் ஒருத்தர் வந்து தைச்சா, ஒருத்தர் கூட்டுலயாவது ஒரு குஞ்சு பொரிச்சா, நான் செஞ்சது சரின்னு ஆகும். அதான் வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன். உன் கூட்டை நான் எவ்வளவு நம்பியிருந்தேன் தெரியுமா?"

பவளி தேக்கு மரத்துக்குத் திரும்பிப் பறந்தாள்.

நான்கு நாள் கழித்து வெயில் வந்தது. தவிடன் அதிகாலையிலேயே சுள்ளி பொறுக்கத் தொடங்கிவிட்டான்.

"இன்னொரு ஈடு இருக்கு பவளி. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் எடுத்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"மருத மரத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன். ஒரே ஒரு கல்லு. சுள்ளிக் குழியில," என்றாள் பவளி. அவள் அதை மனதார நினைத்தே சொன்னாள்.

அன்று மரத்தில் ஒரு புதுப் பறவை வந்திருந்தது. அதுவும் ஒரு புறாதான். குளத்துக்கு அக்கரையிலிருந்து வந்தவள், முட்டையிடும் நாள் நெருங்கி அவளுக்கு வயிறு கனத்திருந்தது.

"அக்கா, நீங்கதானே தைச்சுக் கூடு கட்டின புறா? எங்க பக்கம் வரைக்கும் உங்க பேச்சுதான்! நானும் தைக்கலாமா?"

கொண்டைச்சி தன் இறகைக் கோதினாள். மஞ்சமூக்கன் தன் கால்களைப் பார்த்தான்.

பவளி குளத்தோரம் போய் ஒரு கல்லை எடுத்தாள். வழவழவென்று, வெள்ளை வெளேரென்று ஒரு கல். அதை அலகில் ஏந்திக்கொண்டு குழிகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

சுள்ளிக் குழி பக்கத்தில்தான் இருந்தது. அதில் போட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தையல்சிட்டு எச்சரித்ததைச் சொல்ல வேண்டும். தவிடன் போகாதே என்றதைச் சொல்ல வேண்டும். கூடு கிழிந்த நேரத்தில் தான் எங்கே இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.



கல் தையல் குழியில் விழுந்தது.

"தாராளமாத் தைக்கலாம் தங்கச்சி!" என்றாள் பவளி. குரல் முதலில் நடுங்கியது, பிறகு உரத்தது. "என் கூடு விழுந்ததுன்னு சொல்லுவாங்க. முறையில ஒரு குத்தமும் இல்லை. நான் ஒரு முடிச்சை வெளிப்பக்கம் போட்டுட்டேன், அவ்வளவுதான். நீ உள்பக்கம் போடு!"

"அதானே!" என்றாள் கொண்டைச்சி.

"வாம்மா, வா! சரியான இடத்துக்கு வந்திருக்க!" என்றான் மஞ்சமூக்கன்.

கற்கள் மழையாக விழுந்தன. அக்கரைப் புறா நிரம்பி வழியும் குழியைப் பார்த்து வாய் பிளந்தாள்.

"அம்மாடி, எத்தனை கல்லு! இத்தனை பேரா இதுல இருக்கீங்க?"

மனைவியைத் தேடி வந்த தவிடன் தூரத்தில் நின்று இதைக் கேட்டான். அவன் வாயில் ஒரு சுள்ளி இருந்தது. அவன் அதைக் கீழே போடவில்லை. திரும்பி, தனியாகப் பறந்து போனான்.

பவளி அவனைப் பார்க்கவில்லை. அவள் அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கூடு கட்டும் முறையோ, கணினிக்கு நிரல் எழுதும் மொழியோ, எதைப் பற்றி ஊரே ஓயாமல் பேசுகிறதோ அதை வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். பிழைத்தவர்களுக்குப் பேச நேரமிருப்பதில்லை, இழந்தவர்களுக்குப் பேச்சை நிறுத்தத் துணிவிருப்பதில்லை.